ஆயில் விளக்கு, நீலப் புகை, தரையில் கறை: கார் என்ஜின் ஆயில் கோளாறை அறிகுறி வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி?

என்ஜின் பிடித்துப்போய் இழுவை வண்டியில் என் பட்டறைக்கு வரும் கார்களின் உரிமையாளர்களிடம் நான் முதலில் கேட்பது, "கடைசியாக எப்போது டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தீர்கள்?" என்றுதான். டிப்ஸ்டிக் என்பது என்ஜினில் ஆயில் அளவைப் பார்க்கும் கம்பி. பெரும்பாலும் வரும் பதில், "சர்வீசில் பார்த்திருப்பார்களே!" இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனது வலித்துவிட்டது. ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை லட்சத்தைத் தொட்டு நிற்பதை இனியும் பார்க்க விருப்பமில்லாமல்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வண்டியில் என்ன அறிகுறி தெரிகிறதோ, நேரே அந்தத் தலைப்புக்குப் போய்விடலாம். ஆனால் அதற்கு முன் ஒன்றே ஒன்றைச் செய்துவிடுங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் டிப்ஸ்டிக்

காரைச் சமதரையில் நிறுத்துங்கள். ஓட்டி வந்த வண்டி என்றால் என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். மேலே ஓடிய ஆயில், அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்புக்கு இறங்கிவர அவ்வளவு நேரம் வேண்டும். டிப்ஸ்டிக்கை உருவிப் பனியன் வேஸ்ட்டால் சுத்தமாகத் துடைத்து, அடிவரை செருகி, மறுபடி உருவுங்கள். முதல் முறை உருவியதை நம்ப வேண்டாம். குழாயின் உட்சுவரில் ஒட்டியிருந்த ஆயில் அதில் இழுபட்டு வந்திருக்கும். இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். இரண்டும் வேறு வேறாகக் காட்டினால், குறைவாகக் காட்டுகிற பக்கத்தையே கணக்கில் கொள்ளுங்கள்.

பெரும்பாலான சிறிய கார்களில் கீழ்க் குறிக்கும் மேல் குறிக்கும் இடையே ஏறக்குறைய 1 லிட்டர் வித்தியாசம். மொத்தமே மூன்று, நான்கு லிட்டர் பிடிக்கிற என்ஜினில் கீழ்க் குறிக்குப் போய்விட்டது என்றால் கால் பங்காவது காணாமல் போயிருக்கிறது என்று பொருள்.

அளவைப் பார்த்ததோடு நிறுத்த வேண்டாம். நுனியில் தொங்கும் சொட்டை இரண்டு விரலுக்கிடையே வைத்துத் தேய்த்துப் பாருங்கள். மணல் போல நெறுநெறுத்தாலும், வெயிலில் பிடிக்கும்போது வெள்ளிப் பொடி மின்னினாலும் கடைசித் தலைப்புக்குப் போங்கள். பிறகு முகர்ந்து பாருங்கள். டீசல் அல்லது பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் 'ஆயில் அளவு கூடியிருக்கிறது' என்ற தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி: சிவப்பு ஆயில் விளக்கு எரிகிறது

சொட்டு விடும் எண்ணெய்க் குவளை வடிவில் சிவப்பாக எரிகிற இந்த விளக்கு காட்டுவது ஆயிலின் அளவை அல்ல, அழுத்தத்தை. "ஆயில் கொஞ்சம் குறைந்திருக்கும், ஊருக்குப் போய் ஊற்றிக்கொள்ளலாம்" என்று நினைப்பவர்கள் தடுமாறுகிற இடம் இதுதான். இது எரிகிற நேரத்தில், என்ஜினின் சுழலும் தண்டான கிராங்கைத் தாங்கும் பேரிங்குக்கு ஆயில் போதுமான அழுத்தத்தில் போய்ச் சேரவில்லை. சில கார்களில் அளவு குறைந்ததைச் சொல்ல மஞ்சள் விளக்கு தனியாக உண்டு. மஞ்சள் என்றால் அடுத்த பெட்ரோல் பங்கில் நிறுத்திப் பார்க்கலாம். சிவப்பு என்றால் அந்த இடத்திலேயே ஓரங்கட்ட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டீசல் கார் வந்தது. மேலூர் அருகே சாலையில் கிடந்த கல் சம்பில் இடித்திருக்கிறது. விளக்கு எரிந்ததைப் பார்த்தும் அவர் மதுரை வரை ஓட்டி வந்துவிட்டார். சம்பை இறக்கி பேரிங் மூடியைக் கழற்றினேன். வெள்ளி நிறத்தில் வழவழவென்று இருக்க வேண்டிய பேரிங் தகடு இடத்தைவிட்டு நகர்ந்து, அப்பளம் போல மெலிந்து, கிராங்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. கிராங்கின் அந்தப் பகுதி சூட்டில் நீலம் பாரித்திருந்தது. கல் இடித்த இடத்தில் இருந்ததோ கட்டைவிரல் நகம் அளவு விரிசல்தான். அங்கேயே நிறுத்தியிருந்தால் சம்பை மாற்றி, புது ஆயில் ஊற்றி, மறுநாளே அனுப்பியிருப்பேன்.

*ஓடிக்கொண்டிருக்கும்போது எரிந்தால்:* ஓரங்கட்டி உடனே என்ஜினை அணையுங்கள். பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள், குனிந்து அடியிலும் பாருங்கள். அளவு குறைந்திருக்கிறது, அடியில் ஒழுக்கு இல்லை என்றால் கையேட்டில் சொன்ன ரக ஆயிலைக் கீழ்க் குறிக்கு மேலே வரும் வரை ஊற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு மூன்று விநாடிக்குள் விளக்கு அணைந்தால் மெதுவாக அருகிலுள்ள பட்டறைக்கு ஓட்டிப் போகலாம். அணையவில்லை என்றால் மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டாம். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தது என்றாலும் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். இழுவை வண்டியை வரவழையுங்கள்.

*வளைவிலோ பிரேக் அடிக்கும்போதோ மட்டும் மினுக்கினால்:* அநேகமாக அளவுதான் குறைந்திருக்கிறது. இருக்கிற கொஞ்ச ஆயிலும் ஒரு பக்கமாக ஒதுங்கும்போது உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கிறது. ஊற்றிவிட்டு, எங்கே குறைந்தது என்பதைக் கீழே உள்ள தலைப்புகளில் தேடுங்கள்.

*என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, வண்டி நின்றபடி என்ஜின் ஓடும்போது மட்டும் மினுக்கினால்:* அளவு சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மலிவானதிலிருந்து தொடங்குவோம். அழுத்தம் குறைந்தால் விளக்கை எரியவைக்கும் ஆயில் பிரஷர் சுவிட்சின் வயர் கனெக்டரைப் பிடுங்கி உள்ளே பாருங்கள். அதற்குள் ஆயில் ஊறியிருந்தால் சுவிட்ச் போய்விட்டது, மாற்றிவிடலாம். அது உலர்ந்திருந்தால் கடைசியாக ஊற்றிய ஆயில் எந்த ரகம், ஃபில்டர் யாருடையது என்று பில்லை எடுத்துப் பாருங்கள். அதிலும் சந்தேகம் இல்லை என்றால் சுவிட்சைக் கழற்றி அந்தத் துளையில் பிரஷர் கேஜைப் பொருத்திப் பார்க்க வேண்டும். இது மெக்கானிக் வேலை. ஆனால் அரை மணி நேர வேலைதான், செய்யச் சொல்லி வற்புறுத்துங்கள். கேஜ் காட்டும் எண்ணைக் கையேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். பொதுவாகச் சூடான என்ஜின் நின்று ஓடும்போது 1 பார் அளவாவது இருந்தால் எனக்கு நிம்மதி. கேஜிலும் அழுத்தம் குறைவு என்றால் அடுத்தது சம்பை இறக்கி உறிஞ்சு குழாயின் வலையில் கசடு அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது. அதற்கடுத்து ஆயில் பம்ப். கடைசியில் பேரிங் தேய்மானம்.

கேஜ் வைக்காமல், "கெட்டியான ஆயில் ஊற்றினால் விளக்கு அணைந்துவிடும்" என்று சொல்வார்கள். அணையும்தான். 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ரகம் கேட்கிற என்ஜினில் 20டபிள்யூ-50 என்ற கெட்டி ரகத்தை ஊற்றினால் அழுத்தம் ஏறும், ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே வால்வ்களைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் வரை போய்ச் சேர நேரம் எடுக்கும். தேய்ந்த பேரிங் அப்படியேதான் இருக்கும். தயவுசெய்து இதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

*சாவியைத் திருப்பியதும் விளக்கே எரியவில்லை என்றால்:* ஸ்டார்ட் செய்வதற்கு முன் அது எரிந்தே ஆக வேண்டும். எரியவில்லை என்றால் பல்ப் போயிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம், அல்லது யாரோ பிடுங்கிவிட்டிருக்கலாம். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள்.

அறிகுறி: ஆயில் குறைந்துகொண்டே போகிறது, தரையில் ஒரு சொட்டும் இல்லை

முதலில் எவ்வளவு குறைகிறது என்று அளந்துவிடுங்கள். மேல் குறி வரை ஊற்றி, கிலோமீட்டரைக் குறித்துவைத்து, 1,000 கி.மீ. ஓட்டியபின் அதே இடத்தில், அதே முறையில் பாருங்கள். பழைய வண்டியில் கால் லிட்டருக்குள் என்றால் நான் கை வைப்பதில்லை. மாதம் இரண்டு முறை டிப்ஸ்டிக் பார்த்து ஊற்றிக்கொண்டு ஓட்டலாம். அரை லிட்டரைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும்.

தேடலைப் பின்பக்கப் புகையிலிருந்து தொடங்குங்கள். ஒருவரை வண்டிக்குப் பின்னால் நிறுத்துங்கள். நீலம் கலந்த புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் கூடுதல், வெள்ளை விடாமல் வந்தால் பெரும்பாலும் என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட். அவை வேறு கதை. நீலம் எந்த நேரத்தில் வருகிறது என்பதை வைத்தே பாதி விடை கிடைத்துவிடும்.

*இரவு முழுக்க நின்ற வண்டி, காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு குப்பென்று நீலம், பிறகு சுத்தம்:* வால்வ் சீல். வால்வ் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் இந்த ரப்பர் இறுகிப்போய், இரவில் ஆயில் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியிருக்கிறது. நீண்ட மலை இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கும்போது குப்பென்று வந்தாலும் பெரும்பாலும் இதே சீல்தான், அல்லது வால்வ் கைடு தேய்ந்திருக்கிறது. சீல் மட்டும் என்றால் பல என்ஜின்களில் மேல்பகுதியான ஹெட்டை இறக்காமலே மாற்றிவிட முடியும்.

*மிதிக்க மிதிக்க நீலம் கூடுகிறது:* பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் போய்விட்டது என்று உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். முதலில் டிப்ஸ்டிக், மேல் குறிக்கு மேலே ஊற்றியிருந்தாலும் இப்படி எரியும். அடுத்து, என்ஜினின் மேல் மூடியான டேப்பட் கவர் பக்கத்தில் இருக்கும், உள்ளே சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வ். பல பெட்ரோல் கார்களில் அதைக் கழற்றிக் காதருகே ஆட்டினால் உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் கசடில் ஒட்டிக்கொண்டது. சில நூறு ரூபாய்ப் பொருள். இதை மாற்றியதுமே ஆயில் குடிப்பது நின்றுபோன வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

அதுவும் சரி என்றால், என்ஜின் நின்று ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான ஆவி இயல்பு. புகைவண்டி போல விட்டுவிட்டுப் புகை தள்ளினால், டிப்ஸ்டிக்கும் தானாக மேலே தூக்கிக்கொண்டால், ரிங் வழியாகக் காற்று கீழே இறங்குகிறது. இப்போது, சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனைக்குப் போகலாம். குறைவாகக் காட்டுகிற சிலிண்டரில், பெட்ரோல் என்ஜின் என்றால், பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். எண் சட்டென்று ஏறினால் ரிங் அல்லது போர், அதாவது சிலிண்டரின் உட்சுவர். அசையாமல் இருந்தால் வால்வ் அல்லது ஹெட் கேஸ்கெட். இந்த ஒரு தேக்கரண்டிச் சோதனையைச் செய்யாமல் யாராவது போர் வேலைக்கு மதிப்பீடு கொடுத்தால் இன்னொரு மெக்கானிக்கிடம் போங்கள்.

*டர்போ உள்ள வண்டி:* என்ஜினைத் திறப்பதற்கு முன் டர்போவிலிருந்து, அது அழுத்தித் தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே மெல்லிய ஆயில் படலம் இருப்பது இயல்பு. சாய்த்தால் வழிகிற அளவு தேங்கியிருந்தால் டர்போவைச் சந்தேகிக்கலாம். அதிலும் எளியது முதலில்: டர்போவிலிருந்து சம்புக்கு ஆயில் திரும்பும் குழாய் அடைத்திருந்தாலும் சீல் வழியாகத் தள்ளும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. டீசல் காரில் டர்போ சீல் முற்றிலும் போனால் என்ஜின் தன் ஆயிலையே எரிபொருளாகக் குடித்து ஓடத் தொடங்கிவிடும். சாவியை அணைத்தாலும் நிற்காது, வேகம் ஏறிக்கொண்டே போகும், ஊரையே மறைக்கிற அளவு புகை வரும். கையால் கியர் போடும் வண்டி என்றால் மேல் கியரில் போட்டு, பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தபடி கிளட்சைச் சட்டென்று விட்டு என்ஜினைத் திணறடித்து நிறுத்துங்கள். முடியவில்லை என்றால் எல்லோரும் இறங்கித் தூரப் போய்விடுங்கள். பானெட்டைத் திறந்து கை விட வேண்டாம்.

அறிகுறி: தரையில் கறை

இரவு ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து என்ஜினுக்கு அடியில் விரித்துவையுங்கள். காலையில் கறையின் நிறத்தைப் பாருங்கள். பழுப்பு அல்லது கறுப்பு என்றால் என்ஜின் ஆயில். சிவப்பு என்றால் ஸ்டியரிங் அல்லது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலாக இருக்கலாம். பச்சை, இளஞ்சிவப்பு நிறத்தில் நீர்த்து இருந்தால் கூலன்ட். வெறும் தண்ணீர் என்றால் ஏசி, விட்டுவிடுங்கள்.

ஆயில் சொட்டுகிற இடமும் கசிகிற இடமும் ஒன்றல்ல. ஓடும்போது காற்று அதைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போகும். என்ஜினைக் கழுவித் துடைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டி, மேலிருந்து கீழாகத் தேடுங்கள். மேலே டேப்பட் கவர் கேஸ்கெட். கருகிய எண்ணெய் வாடை காருக்குள் வந்தால் பெரும்பாலும் இங்கிருந்துதான் சைலன்சர் குழாய் மேல் சொட்டுகிறது. அடுத்து பிரஷர் சுவிட்ச். அடுத்து ஃபில்டர்: சர்வீஸ் முடிந்து வந்த அன்றே ஒழுகினால் பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புதியதை முறுக்கியிருப்பார்கள். இது மட்டும் சொட்டோடு நிற்காது, நெடுஞ்சாலையில் பீய்ச்சிவிடும், அங்கேயே நிறுத்துங்கள். அதற்குக் கீழே சம்பின் திருகும் அதன் வாஷரும். வாஷர் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டியது. கசிகிறதே என்று திருகை மேலும் மேலும் முறுக்காதீர்கள். அலுமினிய சம்பில் மறை போய்விட்டால் சம்பே போனது மாதிரிதான்.

என்ஜினும் கியர்பாக்ஸும் சேருமிடத்தில் சொட்டினால் கிராங்க்கின் பின்பக்க சீல். சீல் விலை குறைவு, கூலி அதிகம், ஏனென்றால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். மாதம் சில சொட்டுதான் என்றால், கிளட்ச் மாற்றும் காலம் வரை பொறுத்திருந்து இரண்டையும் ஒன்றாகச் செய்துகொள்ளுங்கள். கிளட்ச் வழுக்கத் தொடங்கினால் பொறுக்க வேண்டாம்.

அறிகுறி: ஆயில் அளவு கூடியிருக்கிறது

ஊற்றாமலே கூடுகிறது என்றால் மகிழ்ச்சி அடையாதீர்கள், ஏதோ ஒன்று அதில் கலக்கிறது.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு இந்தப் புகார் டீசல் கார்களில் அடிக்கடி வருகிறது. புகைக்குழாயில் உள்ள டிபிஎஃப் வடிகட்டியில் சேரும் கரியை எரிக்க என்ஜின் அவ்வப்போது கூடுதல் டீசலைப் பீய்ச்சும். தினமும் நான்கைந்து கிலோமீட்டர் நகருக்குள் ஓட்டி, கரி எரிந்துகொண்டிருக்கும்போதே என்ஜினை அணைத்துவிட்டால், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாகச் சம்புக்கு இறங்குகிறது. நிறுத்திய பிறகும் விசிறி வேகமாக ஓடுவது, அணைக்கும் முன் நின்று ஓடும் வேகம் வழக்கத்தைவிடச் சற்று ஏறியிருந்தது ஆகியவை நீங்கள் இடையில் அணைத்ததற்கான அடையாளம். மேல் குறியைத் தாண்டி டீசல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றுங்கள், தள்ளிப்போட வேண்டாம். பிறகு வாரம் ஒருமுறை இருபது, முப்பது நிமிடம் புறவழிச்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். மாற்றும்போது கையேடு சொல்கிற, சாம்பல் குறைந்த ரக ஆயிலையே கேட்டு வாங்குங்கள். இதற்குப் பிறகும் கூடினால் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒழுகலாம். அது ஸ்கேனர் உள்ள பட்டறையின் வேலை.

வாடை இல்லை, சர்வீஸ் முடிந்து இப்போதுதான் வந்தது என்றால், கூடுதலாக ஊற்றிவிட்டிருக்கிறார்கள். "கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே" என்பது தவறு. சுழலும் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும். டிப்ஸ்டிக் குழாய் வழியாக மெல்லிய குழாயும் பெரிய சிரிஞ்சும் வைத்து உறிஞ்சி எடுத்துவிடலாம்.

அறிகுறி: ஆயில் பால் கலந்த காபி போல் இருக்கிறது

மூடியின் உட்புறம் மட்டும் வெண்ணெய் போலப் படிந்திருக்கிறது, டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக இருக்கிறது என்றால் பயப்பட வேண்டாம். மழைக்காலத்திலும், ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த இடங்களிலும் குறுகிய தூரமே ஓட்டும் வண்டிகளில் ஈரம் இப்படித் திரளும். துடைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டினால் சரியாகிவிடும்.

டிப்ஸ்டிக்கிலேயே அப்படி இருந்தால் ஓட்டாதீர்கள். கூலன்ட் உள்ளே போகிறது. என்ஜின் முழுக்க ஆறிய பிறகு கூலன்ட் தொட்டியைப் பாருங்கள். அளவு குறைந்து, மேலே எண்ணெய் மிதந்தால் ஆயில் கூலர் அல்லது ஹெட் கேஸ்கெட். இரண்டில் ஆயில் கூலர் மலிவு. அதை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு ஒரே விதி: சாவியைத் தொடாதீர்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கிய கார்களில், தண்ணீர் வடிந்ததும் "ஓடுகிறதா பார்ப்போம்" என்று ஸ்டார்ட் செய்யப்பட்ட பலவும், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்து நின்றன. தண்ணீர் அமுங்காது, இரும்புதான் வளையும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, இழுத்துக்கொண்டு போங்கள்.

அறிகுறி: ஆயில் கறுத்துவிட்டது

டீசலில் மாற்றிய சில நூறு கிலோமீட்டரிலேயே கறுக்கும், அது ஆயில் தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அடையாளம். நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கையேடு சொல்கிற கிலோமீட்டர், மாதக் கணக்கு ஆகிய இரண்டில் எது முதலில் வருகிறதோ அதில் மாற்றுங்கள். மூடியைத் திறந்து டார்ச் அடிக்கும்போது உள்ளே தார் போல அப்பியிருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். அப்போது சம்பை இறக்கி உறிஞ்சு வலையைக் கழுவாமல் வெறும் ஆயில் மாற்றுவதில் பயனில்லை.

அறிகுறி: சத்தம்

*காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று விநாடி கடகடவென்று அடித்து அடங்குகிறது:* இரவில் ஃபில்டரிலிருந்த ஆயில் வடிந்துவிடுகிறது. நல்ல ஃபில்டர்களின் உள்ளே அதைத் தடுக்கும் ரப்பர் வால்வ் இருக்கும். மலிவான ஃபில்டரில் அது சீக்கிரம் இறுகிப்போகும். ஃபில்டரை மாற்றிப் பாருங்கள். அதன் பிறகும் என்ஜினின் ஒரு ஓரத்தில் சங்கிலி உராய்வது போலக் கேட்டால், கிராங்கையும் கேம் ஷாஃப்டையும் இணைக்கும் டைமிங் செயின். பல என்ஜின்களில் அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. இதைத் தள்ளிப்போடாதீர்கள். செயின் பல் தாண்டினால் பல என்ஜின்களில் வால்வ்களை பிஸ்டன் இடித்துவிடும்.

*சூடான பிறகும் மேலிருந்து டிக்டிக்கென்று விடாமல் வருகிறது:* ஆயில் அளவு, ஆயில் ரகம், பிறகு டேப்பட். இந்த வரிசையில்.

*அடியிலிருந்து டொக்டொக்கென்று கனமாக, மிதிக்கும்போது கூடுகிறது:* பேரிங். அந்த இடத்திலேயே அணையுங்கள். பட்டறைக்கு இழுத்துப் போனதும் பழைய ஃபில்டரை வெட்டித் திறக்கச் சொல்லி, நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். உள்ளே இருக்கும் மடிப்புத் தாளை விரித்து வெயிலில் பிடிக்க வேண்டும். கரி மட்டும் இருந்தால் வேறு இடத்தில் தேடலாம். மீன் செதில் போல வெள்ளியோ செம்பு நிறமோ மின்னினால் அது பேரிங் உலோகம். கிராங்கை இறக்கி லேத்தில் அளந்து பார்க்காமல், ஆயிலையும் ஃபில்டரையும் மட்டும் மாற்றி ஓட்டிப் பார்க்கலாம் என்று சொல்பவரிடம் அந்த வண்டியை விடாதீர்கள்.